திரும்பி வராத விடைத்தாள்: பெங்களூர் உயர்கல்வியில் கற்பித்தலும் மதிப்பிடலும்

1. முன்னுரை

பெங்களூரின் கிழக்கே, அல்சூர் ஏரிக்கு அப்பால் அமைந்துள்ள மர்பி டவுன், முன்னாளில் நாக்ஸ்பேட்டை என்று வழங்கிய பகுதியாகும். 1809இல் ஆங்கிலேயர் இங்குப் படைத்தளம் அமைத்தபோது, சென்னை இராணுவத்தோடும் அதனைச் சார்ந்த தொழில்களோடும் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராய் வந்து குடியேறினர். 1881இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்ட பின்னரும், படைத்தளப் பகுதி 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. 1949இல் நகரமும் படைத்தளமும் ஒரே மாநகராட்சியாயின. இவ்வரலாற்றின் விளைவாக, மர்பி டவுனில் வளரும் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவிலும் அலுவலகத்திலும் கன்னடமும், கல்லூரியில் ஆங்கிலமும் என மூன்று மொழிகளுக்கிடையே வாழ்கிறது. அப்பிள்ளை பலவேளைகளில் தன் குடும்பத்தில் கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறையுமாகும்.

இத்தகைய மாணவர் எழுதும் விடைத்தாள் என்னவாகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. உயர்கல்விச் சீர்திருத்தம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் மதிப்பெண் பங்கீடு, பருவமுறை, பாடத்திட்டம் ஆகியவற்றையே சுற்றி வந்துள்ளன. மாணவர் எழுதியது திருத்தம் பெற்று மீண்டும் அவர் கைக்கு வருகிறதா என்னும் கேள்விக்கு அவ்விவாதங்களில் உரிய இடம் கிடைக்கவில்லை. கற்பித்தலையும் மதிப்பிடலையும் இணைக்கும் கண்ணி இதுவே என்பதும், நூற்றைம்பது ஆண்டுகளில் பெரிதும் அறுந்து கிடந்ததும் இக்கண்ணியே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. பாடம் கேட்டலும் உடன் திருத்தமும்

பல்கலைக்கழகத் தேர்வு முறை தோன்றுமுன் தமிழ்நாட்டில் உயர்நிலைக் கல்வி 'பாடம் கேட்டல்' என்னும் முறையில் நிகழ்ந்தது. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815-1876) உ. வே. சாமிநாதையர் 1871 முதல் பாடம் கேட்ட வரலாறு யாவரும் அறிந்தது. மாணவர் செய்யுளைப் படிப்பார், பொருள் கூறுவார், பிழை நேர்ந்தால் ஆசிரியர் அக்கணமே திருத்துவார். செய்யுள் இயற்றிக் காட்டினால் சீரும் சொல்லும் அங்கேயே மாறும். இம்முறையில் மதிப்பிடுதல் என்று தனியே ஒரு நாள் இல்லை. ஒவ்வொரு நாளும் மதிப்பிடும் நாளே. மதிப்பீட்டின் பயன் மறுநாட் பாடத்தில் தெரியும். நூல் இயற்றியவர் அதனை அவையில் அரங்கேற்றுவதும், அவையோர் தடை எழுப்ப அவர் விடை கூறுவதும் இம்முறையின் உயர்படியாகும்.

ஆயினும் இம்முறையைப் போற்றுவதோடு நின்றுவிடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. இதன் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. சாதியும் பாலினமும் யார் ஆசிரியர்முன் அமரலாம் என்பதை முடிவு செய்தன. மர்பி டவுன் போன்ற குடியிருப்புகளில் வாழ்ந்த உழைப்பாளர்களின் முன்னோரில் மிகப் பலர்க்கு அத்திண்ணை எட்டாததாகவே இருந்தது. பின்வரும் பகுதிகளைப் படிக்கையில் இவ்வுண்மையை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

3. தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம்

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. இவற்றிற்கு முன்மாதிரி 1836இல் பட்டயம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகம் ஆகும். அப்பல்கலைக்கழகம் அந்நாளில் தானே பாடம் நடத்தவில்லை. பிற கல்லூரிகளில் பயின்றோர்க்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகமும் அவ்வாறே தொடங்கியது. கற்பித்தல் கல்லூரியின் பணி. மதிப்பிடுதல் பல்கலைக்கழகத்தின் பணி. இருவேறு நிறுவனங்கள், இருவேறு மனிதர்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகப் போற்றப்பெறும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தார் என்பது இப்பிரிவினையை நன்கு விளக்குகிறது. அவர்களை உருவாக்கியது, அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் 1823இல் தொடங்கி 1855 வரை நடத்திய வட்டுக்கோட்டைக் கல்லூரி ஆகும். பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அவர்கள் முன்பே கற்றதை அளந்து சான்றளித்தது.

பெங்களூரில் 1858இல் உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கி 1875இல் சென்ட்ரல் கல்லூரி எனப் பெயர் பெற்ற நிறுவனமும் சென்னைத் தேர்வுகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. படைத்தளப் பகுதியில் 1882இல் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரிக்கும் அதுவே வழியாயிற்று. வினாவை அமைத்தவரும் விடையைத் திருத்தியவரும் மாணவர் முகமறியாதவர்கள். தேர்வுக்குப் பின் மாணவர்க்குத் திரும்பி வந்தது தேர்ச்சி பெற்றோர் பட்டியல் மட்டுமே. எங்குப் பிழைத்தார் என்பது மாணவர்க்கும் தெரியாது. அவர்க்குக் கற்பித்த ஆசிரியர்க்கும் தெரியாது.

இதன் விளைவை அரசே விரைவில் உணர்ந்தது. கர்சன் பிரபு காலத்தில் அமைந்த 1902ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக ஆணைக்குழு, இந்நாட்டு உயர்கல்வியின் தலையாய தீங்கு கற்பித்தல் தேர்வுக்கு அடிமைப்பட்டதே என்று கூறியது. இக்கூற்றை அடுத்தடுத்து வந்த குழுக்கள் பலவும் வெவ்வேறு சொற்களில் திருப்பிச் சொல்லியுள்ளன.

4. மைசூர்ப் பல்கலைக்கழகமும் அளவுகோல் பற்றிய ஐயமும்

1916இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், விசுவேசுவரய்யா திவானாக இருந்தபோது, மைசூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. மைசூர் மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் இதன் அடித்தளமாயின. தேர்வு மட்டும் நடத்தாமல் கற்பிக்கவும் செய்யும் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் எண்ணம் இதன் தோற்றத்தில் இருந்தது. எனினும் பட்டம் பெறும் வழி எழுத்துத் தேர்வாகவே நீடித்தது. கற்பிப்பவரும் மதிப்பிடுபவரும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்தவராயினர். ஆயின் விடைத்தாளின் பயணம் மாறவில்லை.

இக்காலத்தில் தேர்வின் நம்பகத்தன்மை பற்றி எழுந்த ஆய்வு ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. 1917-19ஆம் ஆண்டுகளில் கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணைக்குழுவின் உறுப்பினராகவும், பின்னர் டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் பணியாற்றிய பிலிப் ஹார்டாக், இங்கிலாந்து திரும்பியபின் ரோட்ஸ் என்பாருடன் சேர்ந்து 1935இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். 15 வரலாற்று விடைத்தாள்களை 14 தேர்வாளர்கள் திருத்தினர். ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் அதே தாள்களை அதே தேர்வாளர்கள் மீண்டும் திருத்தினர். மொத்தம் 210 தீர்ப்புகளில் 92 தீர்ப்புகள் மாறிவிட்டன. தம் முந்திய முடிவோடு தாமே முரண்பட்டவர்கள் அனுபவம் மிக்க தேர்வாளர்கள். மாணவரின் வாழ்வை முடிவு செய்யும் அளவுகோலே இவ்வாறு நெகிழ்ந்து கொடுக்குமாயின், அவ்வளவுகோலை மாணவர் பார்க்கவும் கூடாது என்னும் நடைமுறை எவ்வாறு நியாயமாகும் என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. அவ்வினா அன்று இந்நாட்டில் வலுவாக எழவில்லை.

5. ஒரே நகரில் இரு முறைகள்

விடுதலைக்குப்பின் 1948-49இல் அமைந்த இராதாகிருஷ்ணன் குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைத்தான் செய்யலாம் எனின் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருத்தல் வேண்டும் என்னும் கருத்தினை முன்வைத்தது. இதன்பின் பெங்களூர் ஓர் அரிய ஒப்பீட்டுக்கு இடமளித்தது. 1964ஆம் ஆண்டிலேயே இந்நகரில் இரு பல்கலைக்கழகங்கள் தோன்றின. ஒன்று, மைசூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்த பெங்களூர்ப் பல்கலைக்கழகம். மற்றொன்று, ஹெப்பாலில் அமைந்த வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம்.

முன்னது இலண்டன் மரபைத் தொடர்ந்தது. இணைப்புக் கல்லூரிகள், பொதுப் பாடத்திட்டம், முகமறியாத் தேர்வாளர் என்பன அதன் கூறுகள். பின்னது அமெரிக்க நிலக்கொடைப் பல்கலைக்கழக மரபைத் தழுவி, டென்னசிப் பல்கலைக்கழகத்தின் துணையோடு வளர்ந்தது. அம்மரபில் பாடம் நடத்திய ஆசிரியரே வினா அமைப்பார், விடைத்தாளைத் திருத்துவார், பருவத்தின் இடையிலேயே பல சிறு தேர்வுகள் நிகழும். மாணவர் தம் பிழையைக் கண்டு அப்பருவத்திற்குள்ளேயே திருத்திக்கொள்ள அம்முறை வழிவகுத்தது.

இவ்விரண்டில் முன்னதே பெரும்பாலான மாணவர்க்குரிய முறையாயிற்று என்பதும், பிற்காலத்தில் வேளாண் பல்கலைக்கழகங்களிலும் புறத்தேர்வின் பங்கு சேர்க்கப்பட்டது என்பதும் சிந்தனைக்குரியன. இணைப்புக் கல்லூரிகள் பெருகும்போது, கல்லூரிக்குக் கல்லூரி மதிப்பெண் ஒத்திருக்குமா என்னும் ஐயம் நிர்வாகத்தை அச்சுறுத்துகிறது. ஒப்புமை வேண்டும் என்னும் தேவை, திருத்தம் வேண்டும் என்னும் தேவையை வென்றுவிடுகிறது.

6. அகமதிப்பீடும் அதன் இருமுகமும்

1964-66இல் செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழு அகமதிப்பீட்டை வலியுறுத்தியது. பல்கலைக்கழக மானியக் குழு 1973இல் தேர்வுச் சீர்திருத்தச் செயல்திட்டத்தை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 1978இல் இலயோலா கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி முதலியன தன்னாட்சி பெற்றன. கற்பிப்போரே பாடத்திட்டம் வகுத்து மதிப்பிடும் உரிமை இதனால் கிடைத்தது. கருநாடகத்தில் தன்னாட்சிக் கல்லூரிகள் இதற்குப் பல்லாண்டுகள் கழித்தே பரவின.

இங்கு ஓர் எதிர்வாதத்தை எடுத்துரைத்தல் கடமையாகும். புறத்தேர்வு முகமறியாதது, அதுவே அதன் குறையும் வலிமையுமாகும். விடைத்தாளின்மேல் ஓர் எண் மட்டுமே இருக்கும். எழுதியவரின் தெரு, சாதி, தந்தையின் தொழில், பேச்சின் சாயல் எதுவும் தேர்வாளர்க்குத் தெரியாது. திண்ணையின் வாயில் யாருக்கு மூடியிருந்ததோ அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு இந்த எண் ஒரு காப்பாக அமைந்தது. மர்பி டவுனில் மூத்தோர் ஒருவர் இக்கட்டுரையாளரிடம், "வாத்தியாருக்கு என் பேரு தெரியாத இடத்துலதான் நான் பாஸ் ஆனேன்" என்று கூறியதுண்டு. அகமதிப்பீட்டில் ஆசிரியர் கையில் சேரும் மதிப்பெண், அன்பின் கருவியாவது போலவே அச்சத்தின் கருவியாகவும் ஆகக்கூடும். இதனை மறைத்துவிட்டு அகமதிப்பீட்டைப் புகழ்தல் தகாது.

ஆயினும் இவ்விடத்தில் இரு செயல்கள் ஒன்றாகக் குழப்பப்பட்டுள்ளன. மாணவர் எழுதியதைத் திருத்தித் திருப்பித் தருதல் ஒன்று. மாணவர்க்கு மதிப்பெண் வழங்குதல் மற்றொன்று. முன்னது கற்பித்தலைச் சார்ந்தது. பின்னது சான்றளித்தலைச் சார்ந்தது. சீர்திருத்தக் குழுக்கள் முன்னதை வேண்டின. நிறுவனங்கள் பின்னதை மட்டும் செயற்படுத்தின. இதனால் பல இடங்களில் அகமதிப்பீடு என்பது மதிப்பெண் பட்டியலில் ஒரு கூடுதல் நிரலாகச் சுருங்கிவிட்டது. நிரல் நிறைந்தது, தாள் திரும்பவில்லை.

7. பிழை பற்றிய மொழியியல் நோக்கு

மொழியியல் இவ்விடத்தில் துணை செய்யக்கூடும். பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரையில், மொழி கற்பவரின் பிழை குற்றமன்று, அவர் மனத்தில் உருவாகிவரும் அமைப்புக்குச் சான்று என்று விளக்கினார். பிழையைப் பார்த்தே ஆசிரியர் அடுத்த படியை அறிகிறார். பிழையைக் கொண்டே மாணவர் தம் கருதுகோளைச் சோதிக்கிறார். இந்நோக்கில், பிழை உள்ள இடத்தை மாணவர்க்குக் காட்டாத தேர்வு, மிகுந்த செலவில் திரட்டிய சான்றுகளை அழித்துவிடும் செயலை ஒத்தது.

இக்கருத்து பெங்களூருக்குப் புதியதன்று. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய, உலக அளவில் 'பெங்களூர்த் திட்டம்' என்றே பெயர் பெற்ற ஆங்கிலக் கற்பித்தல் முயற்சி, பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் உள்ள பள்ளிகளில் நிகழ்ந்தது. பெங்களூரில் உள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் அதற்குத் துணை நின்றது. அங்கு ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர்க்கு ஒரு பணி தரப்பட்டது. கால அட்டவணையைப் படித்து விடை காணல், வரைபடத்தில் வழி கூறல் போல்வன அவை. மாணவரின் விடை அன்றே பார்க்கப்பட்டது. வகுப்பில் பாதிப்பேராவது பணியில் பாதியையாவது சரியாகச் செய்தால் அப்பணியின் கடுமை பொருத்தமானது என்று கொள்ளப்பட்டது. அடுத்த பணியின் கடுமை அதனைக் கொண்டு வகுக்கப்பட்டது. மதிப்பீடு மாணவரை வரிசைப்படுத்தவன்று, மறுநாட் பாடத்தை வகுக்கவே பயன்பட்டது. பாடம் கேட்டலின் சாரம், அதன் மூடிய வாயிலின்றி, பொதுப்பள்ளி வகுப்பறையில் மீண்டும் தோன்றியது எனலாம். பள்ளியில் இயன்ற இது கல்லூரிக்குள் நுழையவில்லை.

திருத்தத்தையும் மதிப்பெண்ணையும் பிரித்தல் வேண்டும் என்பதற்கும் சான்று உண்டு. ரூத் பட்லர் இசுரேல் நாட்டுப் பள்ளி மாணவரிடையே நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்புரை மட்டும் பெற்றோர் முன்னேறினர். மதிப்பெண் மட்டும் பெற்றோரும், மதிப்பெண்ணும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றோரும் அவ்வாறு முன்னேறவில்லை. எண் கண்ணிற்பட்டதும் குறிப்புரை படிக்கப்படாமற் போகிறது என்பது ஆசிரியர் பலரின் அனுபவமும் ஆகும்.

8. திறக்கப்பட்ட உறை

2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் 2011 ஆகத்து 9ஆம் நாள் ஒரு தீர்ப்பை வழங்கியது. திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்வையிடத் தேர்வு எழுதியவர்க்கு உரிமை உண்டு என்பதே அதன் சாரம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்காயினும் அதன் பயன் பல்கலைக்கழகங்களுக்கும் உரியதாயிற்று. 1857இல் மூடிய உறை 154 ஆண்டுகளுக்குப்பின் சட்டத்தின் கையால் திறந்தது. கல்விக்குழுக்கள் செய்ய இயலாததை ஒரு தகவற் சட்டம் செய்தது என்பது வரலாற்றின் விந்தையே.

அவ்வாறு திறந்த உறை ஒன்றினை இக்கட்டுரையாளர் காண நேர்ந்தது. மர்பி டவுனைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தாம் பயின்ற கல்லூரியில் பொருளியல் தாளில் தேர்ச்சி பெறவில்லை. கட்டணம் செலுத்தி விடைத்தாளின் ஒளிநகலைப் பெற்று வந்து, "சார், மார்க் போனா போகட்டும், எங்க தப்புன்னு தெரிஞ்சா போதும்" என்றார். பணவீக்கத்தின் காரணம் பற்றிய வினாவுக்கு அவர் பெற்றது பத்துக்கு மூன்று. விடையில் பொருட்பிழை இல்லை. உற்பத்தி பெருகாமல் பணப்புழக்கம் பெருகுதல், வாங்குவோர் மிகுதல், பொருள் குறைதல் ஆகிய அனைத்தையும் எழுதி, வாக்கியத்தின் இறுதியில் 'அதனால் விலை ஏறுகிறது' என்று முடித்திருந்தார். தமிழ் வாக்கியத்தில் காரணங்கள் எச்சங்களாய் முன்வந்து, முற்று இறுதியில் நிற்கும். அவ்வமைப்பே அவர்தம் ஆங்கிலத்தில் இறங்கியிருந்தது. முதல் வரியில் வரையறையைத் தேடிய கண் அதனைக் காணாமல் நகர்ந்துவிட்டது. ஓரத்தில் ஒரு கோடும் எண்ணும் தவிர வேறு குறிப்பு இல்லை.

அத்தேர்வாளரை இக்கட்டுரையாளர் குறைகூற விரும்பவில்லை. விடைத்தாள் திருத்தும் முகாமில் கட்டுக்கட்டாய்த் தாள்களின்முன் அமர்ந்து, மாலைக்குள் முடிக்க விரைந்த அனுபவம் இக்கட்டுரையாளர்க்கும் உண்டு. அத்தகைய வரிகளை நாமும் கடந்திருப்போம் என்னும் எண்ணம் அன்று எழுந்தது. ஒரு விடைத்தாளைக் கொண்டு பொதுவிதி கூறலாகாது. ஆயினும், பாட அறிவை அளப்பதாகக் கூறும் தேர்வு மொழியின் வாக்கிய அமைப்பை அளந்துவிடக்கூடும் என்பதும், தாள் திரும்பி வந்தால் மட்டுமே இரண்டையும் பிரித்துக் காண இயலும் என்பதும் இதனாற் புலனாகின்றன. முற்றினை முதலில் வைக்கும் பழக்கத்தை அம்மாணவர் சில வாரங்களில் கற்றுக்கொண்டார். மூன்றாண்டுகளில் யாரேனும் ஒருவர் ஒருமுறை அதனைச் சுட்டிக்காட்டியிருந்தால் அவர்க்கு ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

9. முடிவுரை

1994இல் நிறுவப்பெற்ற தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு பெங்களூரையே தலைமையிடமாகக் கொண்டது. கற்பித்தல், கற்றல், மதிப்பிடல் என்பது அக்குழு கல்லூரிகளை ஆராயும் அளவுகோல்களுள் ஒன்று. கருநாடகம் 2021இல் புதிய தேசியக் கல்விக்கொள்கையின்படி நான்காண்டுப் பட்டப்படிப்பைப் புகுத்தி, 2024இல் மூன்றாண்டுப் படிப்புக்கே மீண்டது. பெங்களூர்ப் பல்கலைக்கழகமும் 2017இல் மூன்றாகப் பிரிந்து செயற்படத் தொடங்கியது. ஆண்டுகளின் எண்ணிக்கையும், பல்கலைக்கழகங்களின் எல்லையும், மதிப்பெண் பங்கீடும் மாறிய வண்ணமுள்ளன. விடைத்தாள் மட்டும் இயல்பான வழியில் திரும்புவதில்லை. விண்ணப்பமும் கட்டணமும் செலுத்துவோர்க்கே திரும்புகிறது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது இது. சான்றளிக்கும் தேர்வு முகமறியாததாகவே இருக்கலாம். எளியோர்க்கு அது காப்பு. ஆனால் அதற்குமுன், மதிப்பெண் இல்லாத சில எழுத்துப் பணிகள் ஒவ்வொரு பருவத்திலும் இருத்தல் வேண்டும். அவற்றை ஆசிரியர் ஒருவாரத்திற்குள் குறிப்புரையோடு திருப்பித் தருதலும், மாணவர் திருத்தி மீண்டும் எழுதுதலும் வேண்டும். பிழை பொருளில் உள்ளதா, மொழியில் உள்ளதா என்பதைக் குறிப்புரை பிரித்துக் காட்டுதல் வேண்டும். பல மொழிகளுக்கிடையே வாழும் மாணவர் பயிலும் கல்லூரிகளில் இது தலையாய தேவை. பெரிய வகுப்புகளில் இது எளிதன்று. அனைவரின் தாளையும் திருத்த இயலாத இடத்தில், பத்துத் தாள்களில் கண்ட பொதுப் பிழைகளை வகுப்பில் விளக்குவதும் ஒரு தொடக்கமே.

பாடம் கேட்டலில் திருத்தம் இருந்தது, வாயில் இல்லை. பல்கலைக்கழகத்தில் வாயில் திறந்தது, திருத்தம் போயிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே தருவதே உயர்கல்வியின்முன் உள்ள பணி. அதற்குப் புதிய ஆணைக்குழு வேண்டுவதில்லை. அடுத்த வாரம் ஒரு கட்டுத் தாள் திருத்தப்பட்டு மாணவர் கைக்குத் திரும்பினால் அப்பணி தொடங்கிவிடும்.